பால்ரஸ் குண்டும் சேம அச்சும்

முதலிலேயே ஒரு வாக்குமூலம். நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. ஸ்பேனரைக் கையில் எடுத்தால் வீட்டில் எல்லோரும் பத்தடி தள்ளி நிற்பார்கள். அப்படிப்பட்டவன் கார் சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு இரும்பு வளையத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், அந்த வளையம் ஒரு ராத்திரி என்னை நன்றாக மிரட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். பெங்களூரில் இருக்கிற நம்மாட்களுக்குச் சொல்லவே வேண்டாம். போகிக்கு முந்தின ராத்திரி சில்க் போர்டு தாண்டி அத்திப்பள்ளி வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். காரில் நான், தங்கமணி, அம்மா, இரண்டு வாண்டுகள். டிக்கி மூட முடியாத அளவுக்கு மூட்டை. கிருஷ்ணகிரி தாண்டியதும் தங்கமணி கேட்டாள்: "ஏங்க, எங்கேயோ கிரைண்டர் ஓடற மாதிரி இல்ல?"

"ரோடு சத்தம்" என்றேன். (கணவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.) ரோடு நன்றாக வழவழவென்று ஆன பிறகும் சத்தம் நிற்கவில்லை. அறுபதில் முனகல், எண்பதில் ஊளை. தர்மபுரி நெருங்கும்போது தங்கமணி என்னைக் கேட்காமலே சங்ககிரி மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். மாமா நாற்பது வருஷமாக லாரி வைத்திருப்பவர்.

"மாப்ள, சத்தம் வேகத்தோட கூடுதா?"

"கூடுதுங்க மாமா."

"சமரோட்டுல நியூட்ரல் போட்டுப் பாரு. அப்பவும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"சரி, வலப்பக்கம் வளைஞ்சா கூடுதா, இடப்பக்கம் வளைஞ்சா கூடுதா?"

"வலப்பக்கம் வளைஞ்சாத்தானுங்க அதிகமா கேக்குது."

"அப்படின்னா இடது சக்கரம். பேரிங் போயிருச்சு. ஓரமா நிறுத்திரு. அதோட தொப்பூர் இறங்காதே."

மூன்று கேள்வியில் நோயைச் சொல்லிவிட்டார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அடிபட்ட பேரிங் பாரம் ஏறினால் அதிகமாக அழும். நியூட்ரலிலும் சத்தம் இருந்தால் இன்ஜினைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. டயர் தாறுமாறாகத் தேய்ந்திருந்தாலும் இதே போல ஊளை வரும், ஆனால் அது திருப்பத்துக்குத் திருப்பம் இவ்வளவு மாறாது.

அதியமான்கோட்டை அருகே ஓரங்கட்டினேன். மாமா சொன்னபடி புறங்கையால் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தொட்டுப் பார்த்தேன். மூன்று லேசான சூடு. நான்காவது, முன் இடது, தோசைக்கல். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடு வரும்தான். ஆனால் சூட்டோடு ஊளையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம் என்றார். அரை மணியில் தெரிந்த ஒரு லாரி ஒர்க்‌ஷாப் ஆளை அனுப்பிவைத்தார். அவருடைய மகன் வந்து அம்மாவையும் தங்கமணியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போனான். காரோடு நான் மட்டும் ஷெட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில்.

தூக்கம் வரவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் படுத்திருக்கும் இடம் அதியமான் நாடு. இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். கல்லூரியில் பகுதி ஒன்று தமிழில் (பி.காம் காரனுக்கும் அது உண்டு) புறநானூற்றுப் பாட்டு ஒன்று வைத்திருந்தார்கள். 102ஆவது பாட்டு. ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகர்கள் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். எருதுகளோ நுகத்துக்குப் புதுசு, இளசு. வழியில் பள்ளமும் மேடும் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். சேம அச்சு. அந்த அச்சைப் போன்றவன் நீ என்று அரச குமாரனிடம் சொல்கிறார் பாட்டி.

ஸ்டெப்னியை நாம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உப்பு வணிகர்களுக்கு வண்டியில் எது முதலில் போகும் என்று தெரிந்திருக்கிறது. சக்கரம் இல்லை, அச்சுதான். நின்றுகொண்டிருக்கும் அச்சும் சுற்றும் சக்கரமும் உரசும் அந்த ஒரு இடத்தில்தான் முழு வண்டியின் பாரமும் நிற்கிறது. நமக்கு அந்த இடத்துக்குப் பெயரே உண்டு. பழைய தமிழில் குறடு. எங்கள் ஊரில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பும், வெளியே வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா, சக்கரம் கழன்றுவிடாமல் அச்சு முனையில் கடையாணி. கார் மெக்கானிக் 'ஹப்' என்று சொல்வது இந்தக் குடத்தைத்தான்.

எங்கள் தாத்தா வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். உள்ளே வண்டி மை. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தது. நீண்ட பயணம் என்றால் கிளம்பும் முன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் மை தடவி, திரும்பத் தள்ளி மாட்டுவார். அந்த மை வேட்டியில் பட்டால் போகாது. பாட்டி திட்டுவாள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது தாத்தாவின் கண்ணும் கையும் அந்தக் குடத்துக்குள் போய் வந்திருக்கிறது. என் காரின் குடத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த உரசலை ஒழிக்க வழி என்ன? உரசுவதற்குப் பதிலாக உருள வைக்க வேண்டும். 1794லேயே வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த இரும்பு ஆலைக்காரர் பிலிப் வாகன், வண்டி அச்சைச் சுற்றி உருண்டைகளை வைத்து ஓட்டும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை பிரமாதம். ஆனால் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று முடியளவு பெரிதாக இருந்தாலும் மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும், மற்றதெல்லாம் சும்மா சுற்றும். (எங்கள் கிளையில் வேலை நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.) அந்தக் காலத்தில் அப்படி உருண்டை செய்ய ஆளும் இல்லை, கருவியும் இல்லை. யோசனை எழுபத்தைந்து வருஷம் தூங்கியது.

எழுப்பியது கார் இல்லை, சைக்கிள். 1869ல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சுரிரே சைக்கிள் சக்கரத்துக்குப் பால் பேரிங் செய்து காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் அந்த பேரிங் போட்ட வண்டியில் ஓட்டிய ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். 1883ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் ஊரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகு உருண்டைகளை ஒரே அளவாகச் சாணை பிடிக்கும் இயந்திரம் செய்தார். என்னைக் கேட்டால் பேரிங் வரலாற்றில் திருப்புமுனை இதுதான். வாகன் கனவு கண்டது தொண்ணூறு வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

எங்கள் ஊர் சைக்கிள் கடைக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது, ஆனால் சரக்கு அதேதான். ஓவராயில் செய்ய வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஹப்பைப் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார்கள். பால்ரஸ் குண்டு! அதில் ஒன்று கிடைக்குமா என்று கடை வாசலில் தவம் கிடந்திருக்கிறேன். கழித்த குண்டில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்போது கடைக்காரர் அதை வெயிலில் காட்டி, "பாரு, முகத்துல அம்மை போட்டிருக்குது. இது இனி வண்டிக்கு ஆவாது" என்பார். அம்மை போட்ட குண்டு. அந்த வார்த்தை திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. சைக்கிள் திரும்பும்போது ஓட்டுகிறவனும் சேர்ந்து சாய்கிறான். நாலு சக்கர வண்டி அப்படிச் சாயாது, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். மேலிருந்து அழுத்தும் பாரம், பக்கத்திலிருந்து தள்ளும் பாரம், இரண்டையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென், 1898ல் இதற்கு விடை கண்டுபிடித்தார். உருண்டைக்குப் பதில், ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த உருளைகள். டேப்பர் ரோலர் பேரிங். மாமாவின் லாரிகள் இன்றைக்கும் இதில்தான் ஓடுகின்றன. அடுத்த வருஷமே கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

1907ல் ஸ்வீடனில் இன்னொருவர். கோத்தன்பர்க் நகரத் துணி ஆலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட். ஆலை நின்றது களிமண் தரையில். தரை அசைந்தால் தண்டு கோணும், பேரிங் உடையும். கோணினாலும் தானே சரிப்படுத்திக்கொள்ளும் பேரிங்கைச் செய்தார், எஸ்.கே.எஃப். பிறந்தது. அந்தக் கம்பெனி தன் பேரிங்குக்காக 1915ல் பதிவு செய்து வைத்த ஒரு பெயர், பின்னால் அதன் துணை நிறுவனமாகப் பிறந்த கார் கம்பெனிக்குப் போனது. லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று அர்த்தம். அந்தப் பெயர் வால்வோ! சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டிலும் மடிவாளாவிலும் வெள்ளிக்கிழமை ராத்திரி நாம் அடித்துப்பிடித்து ஏறுகிற அதே வால்வோதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் குண்டுகளுக்காகவே குண்டு விழுந்தது. ஜெர்மனியின் பேரிங் உற்பத்தி பெருமளவு ஷ்வைன்ஃபர்ட்டில் இருந்ததால், 1943ல் அமெரிக்க விமானங்கள் அந்த ஊரை இரண்டு முறை பெரிய அளவில் தாக்கின. அக்டோபர் 14 அன்று போன 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. இன்னொரு பக்கம், பிரிட்டன் ஸ்வீடனிலிருந்து பேரிங் எடுத்து வர மோஸ்கிட்டோ விமானங்களை ராத்திரியில் அனுப்பிக்கொண்டிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். ஜெய்ப்பூரில் 1946ல் பிர்லா குழுமம் ஆரம்பித்த கம்பெனிதான் இங்கே முன்னோடி. என்.பி.சி. என்ற பெயரை ஹார்டுவேர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடன்காரர்கள் 1923லிருந்தே இந்தியாவில் வியாபாரம் செய்தவர்கள், பிறகு இங்கேயே ஆலை போட்டார்கள். டிம்கென் 1987ல் டாடாவோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூருக்கு வந்தது. ஓசூர் ரோட்டில் ஊருக்குப் போகும்போது எலக்ட்ரானிக் சிட்டியில் டிம்கென் அலுவலகம், பொம்மசந்திராவில் எஸ்.கே.எஃப். ஆலை. இத்தனை வருஷம் இரண்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தும் எனக்கு அவை வெறும் போர்டுகள்தான்.

ஆனால் பேரிங்கோடு எனக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. சில வருஷம் முன்பு நான் இருந்த கிளையில் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் நிறையப் பேருக்குக் கடன் கணக்கு. சரக்குதான் அடமானம். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வரும், நாங்கள் போய்ச் சரக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கன்னடப் பெரியவர் கடையில் பேரிங் மட்டும் தரையிலிருந்து கூரை வரை. டப்பாவில் 6203, 6204, 6205 என்று நம்பர். புரியாமல் விழித்தேன். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு மில்லிமீட்டரில் வரும். 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் தனிக் கணக்கு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. கம்பெனி எதுவாக இருந்தாலும் இதேதான். உலகம் முழுக்க ஒரே பேரேடு! காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட ஆனந்தம் உண்டா?

அவரே இன்னொன்றும் காட்டினார். இரண்டு டப்பா, ஒரே பிராண்டு, ஒரே நம்பர். ஒன்று போலி. பேரிங்கின் மேல் எழுத்து லேசாகக் கோணியிருந்தது, அச்சின் ஓரம் மங்கலாக இருந்தது. விலை பாதி. "நிம்ம நோட்டு தர, சார்" என்று சிரித்தார். உங்கள் நோட்டு மாதிரிதான். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. கவுண்டரில் கள்ள நோட்டு வந்தால் முத்திரை குத்தி எடுத்து வைத்துவிடுவோம், கொடுத்தவருக்குத் திருப்பித் தரக்கூடாது. போலி பேரிங்குக்கு அப்படி முத்திரை குத்த யாரும் இல்லை. அது யாரோ ஒருவர் சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? பொங்கலுக்கு எட்டு மாதம் முன்பு இதே இடது பேரிங் சத்தம் போட்டது. மழைத்தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்த வண்டி. (2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஏரியானபோது நடுவில் மாட்டியவர்களில் நானும் ஒருவன்.) வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், சேலத்துத் தமிழில் பேசினார். அது போதாதா நமக்கு? காலையில் விட்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பில் கேட்கவில்லை. கழற்றிய பழைய பேரிங்கைக் காட்டச் சொல்லவில்லை. புதுசு வந்த டப்பாவைப் பார்க்கவில்லை. அடுத்தவன் கடையில் ஒவ்வொரு டப்பாவாக எண்ணி கையெழுத்துப் போடுகிறவன், சொந்தப் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்குச் செய்தது இவ்வளவுதான்.

காலையில் தர்மபுரி மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். நான் நகரவே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று ஆட்டம். இப்படி மேலும் கீழும் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், இடமும் வலமும் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் பக்கம் பார்க்கணும் என்றார். பிறகு ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி, என் விரலையும் வைக்கச் சொன்னார். மணலை அரைப்பது போல ஓர் அதிர்வு.

பழைய வண்டிகள் பலவற்றில், லாரிகளில் இப்போதும், இந்த பேரிங்கைப் பிரிக்கலாம், கழுவலாம், புது கிரீஸ் அடைக்கலாம், நட்டைக் கூட்டிக் குறைக்கலாம். அதாவது தாத்தாவின் வண்டி மை வேறு உருவத்தில். என் கார் போன்ற இன்றைய கார்களில் அது கிடையாது. இரண்டு வரிசைக் குண்டு, உள்ளேயே கிரீஸ், இரண்டு பக்கமும் சீல். ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைகூட எதுவும் கேட்காமல் ஓடும், போனால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். இன்னும் புதிய கார்களில் ஹப்பும் பேரிங்கும் சேர்ந்த ஒரே துண்டு, போல்ட் கழற்றி மாற்றிவிடலாம். ஏ.பி.எஸ். இருக்கும் வண்டியில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கக்கூடும். அதைப் பக்கம் மாற்றிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஏ.பி.எஸ். வேலை செய்யாது.

பிரேக் காலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தார். நக்கிளைக் கழற்றி பிரஸ்ஸில் வைத்து ஹப்பைத் தள்ளியெடுத்தார், சர்க்லிப்பை எடுத்தார், பேரிங் வெளியே வந்தது. அதன் உள் வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர, புல்லர் போட்டு இழுத்தார். துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். குண்டுகள் ஓடும் பாதையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இடையே ஒரே தூரம்.

"சார், இதை யாரோ சுத்தியல்ல அடிச்சு எறக்கியிருக்காங்க."

அம்மை போட்டிருந்தது. வெளி வளையத்தை நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும், ஹப்பை நுழைக்கும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றி அடித்தால் அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாகப் போகும், ஒவ்வொரு குண்டும் பாதையில் தன் முத்திரையைப் பதித்துவிடும். அன்றைக்குச் சத்தம் வராது. மெள்ள மெள்ளச் சில மாதம் கழித்து வரும். அப்படியே ஓட்டியிருந்தால்? "கூண்டு உடைஞ்சு குண்டு சிதறியிருக்கும். சக்கரம் ஆடும், டிஸ்க் ஆடும், பிரேக் சரியா புடிக்காது. ரொம்ப மோசமானா ஹப்போட கழண்டுக்கும்" என்றார். தொப்பூர் இறக்கத்தில், ராத்திரி, முன்னும் பின்னும் லாரிகள், பின் சீட்டில் அம்மா. நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

சேலத்திலிருந்து பேரிங் வந்தது, பில்லோடு. இந்தத் தடவை டப்பாவையும் எழுத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பது போல. அவர் சிரித்தார். பிரஸ்ஸில் வைத்து நேராக இறக்கினார், சுத்தியல் பக்கமே போகவில்லை. அச்சு நட்டும் புதுசு. பழையதைத் திரும்பப் போடக்கூடாதாம். கையேட்டு அளவைப் பார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டின் விளிம்பைத் தட்டி அடைத்தார்.

பேரிங்கின் ஆயுள் என்று கம்பெனிகள் போடும் கணக்கைப் பிறகு படித்துப் பார்த்தேன். லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் 1947ல் வெளியிட்ட சூத்திரம்தான் அடிப்படை. நூறு பேரிங் ஓடினால் தொண்ணூறு தாண்டும் அளவைத்தான் ஆயுள் என்கிறார்கள். மீதி பத்து அதற்கு முன்பே போகலாம், யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் வாராக்கடன் ஒதுக்கீடு மாதிரிதான். அதே சூத்திரப்படி பால் பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. டிக்கி மூடாத அளவுக்கு ஏற்றியது ஞாபகம் வந்தது. பி.காமில் தேய்மானத்துக்கு இரண்டு முறை படித்தோம், இந்த மூன்றாவது முறையை யாரும் சொல்லித்தரவில்லை.

பொங்கல் முடிந்து திரும்பும்போது அதியமான்கோட்டையில் காரை நிறுத்தினேன். இறங்கி ஒவ்வொரு சக்கரமாகப் புறங்கையால் தொட்டேன். பெரியவனும் இறங்கி வந்து, நான் செய்தது போலவே குனிந்து நாலையும் தொட்டுப் பார்த்தான்.

"நாலும் ஒரே சூடுப்பா" என்றான். கிளம்பினோம்.